கேஎல்ல ஆறு நாள்: ஈய லம்பமும் மூணு செவப்புப் புள்ளியும்

நாள் 1, பிரிக்ஃபீல்ட்ஸ்

திருச்சியில ராத்திரி ஏத்தி விடிகாலைல கேஎல்ல (கோலாலம்பூர்ல) எறக்கி விட்டுட்டான், நடுவுல ரெண்டரை மணி நேரம் எங்க போச்சுன்னே தெரியல, வாட்ச்சைத் திருப்பி வச்சதும் தூக்கம் டபுளா வந்துடுச்சு. டெர்மினல் 2-ல இருந்து கேஎல் சென்ட்ரலுக்கு ரயில்ல 33 நிமிஷம், 55 வெள்ளி. ரிங்கிட்டை இங்க நம்மாளுங்க வெள்ளின்னுதான் சொல்றாங்க, முதல் தடவை போன்ல கேட்டப்ப அக்கா ஏதோ கொலுசு வாங்கறா போலன்னு நினைச்சுட்டேன். பெரியப்பா பொண்ணு, கட்டிக்கிட்டு இங்க வந்து 22 வருஷம் ஆச்சு. ஸ்டேஷன்லயே நின்னா, கட்டிப்புடிச்சுட்டு முதல் கேள்வி "பசியாறிட்டியா?" சேலத்துல இருந்தவரைக்கும் அவ வாயில இந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்ல, இப்ப அது அவ சொந்த வார்த்தை ஆயிடுச்சு.

ரொட்டி சானாய், தே தாரிக் எல்லாம் முடிச்சு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள அத்தான் ஒரு ஃபைலோட உட்கார்ந்திருக்கார். ரிட்டயர் ஆகி ஒரு வருஷம், இபிஎஃப் பணம் கைல இருக்கு, யாரோ கூட வேலை பார்த்தவர் மூலமா ஒரு ஏஜெண்ட் அறிமுகம். ஆப்பிரிக்காவுல வைரச் சுரங்கம், குறைஞ்சபட்சம் 20,000 வெள்ளி போடணும். "நீ வைரக் கம்பெனில வேலை பார்த்தவதானம்மா, கொஞ்சம் பாத்து சொல்லு."

பார்த்தேன்னு சொன்னா பார்த்தேன்தான். ஆந்திராவுல வைரம் தேடற ஒரு கம்பெனியோட லேப்ல ஆறு வருஷம் மைக்ராஸ்கோப் முன்னாடி குனிஞ்சு கெடந்தேன், இப்ப காலேஜ்ல ஜியாலஜி எடுக்கறேன். அந்த ஆறு வருஷத்துல நான் கண்ணால பார்த்த வைரம் மொத்தம் ஒரு தீப்பெட்டியில பாதி வராது. பார்த்ததெல்லாம் கார்னெட்டு (வைரத்தோட கூட வர்ற செவப்புக் கல்லு மணி), கார்னெட்டு, இன்னும் கார்னெட்டு.

ஃபைல் வழவழன்னு எட்டுப் பக்கம். அட்டையில பட்டை தீட்டின வைரம் (சுரங்கத்துல இப்படியா கெடைக்கும்), உள்ள ஹெலிகாப்டர், தலையில தொப்பியோட வெள்ளைக்காரங்க. அஞ்சாவது பக்கத்துல ஒரு கிராஃப், அதைப் பார்த்ததும் எனக்கு தூக்கம் போயிடுச்சு, ஏன்னா அந்த கிராஃபை நான் கனவுலயே போடுவேன். படுக்கை அச்சுல கால்சியம் ஆக்சைடு, நிக்கற அச்சுல குரோமியம் ஆக்சைடு, நடுவுல சாய்வா ஒரு கோடு, கோட்டுக்கு இடது பக்கம் மூணு செவப்புப் புள்ளி, பக்கத்துல பெருசா "ஜி10 கார்னெட் கண்டுபிடிக்கப்பட்டது!!" ஆச்சரியக்குறி ரெண்டு. ரெண்டு நாள் டைம் குடுங்க அத்தான்னு சொல்லிட்டு படுத்துட்டேன்.

நாள் 2, மஸ்ஜித் ஜாமெக்

அக்கா வேலைக்குப் போயிட்டா, நான் தனியா கிளம்பினேன். சென்ட்ரல்ல இருந்து எல்ஆர்டில ரெண்டே ஸ்டாப். மஸ்ஜித் ஜாமெக்ல எறங்கி வெளிய வந்தா பள்ளிவாசலுக்கு ரெண்டு பக்கமும் ஆறு, கோம்பாக்கும் கிள்ளானும் வந்து சேர்ற இடம். கோலாலம்பூர்னா சேத்து ஆறு கூடற எடம்னு அர்த்தம். 1857-ல 87 சீனத் தொழிலாளிங்க இந்த ஆத்து வழியா மேல வந்து அம்பாங் பக்கம் ஈயம் (டின், அதாவது வெள்ளீயம்) தோண்டப் போனாங்க, ஒரே மாசத்துல மலேரியால 18 பேர்தான் மிச்சம்னு வரலாறு சொல்லுது. இந்த ஊரே கனமான ஒரு கறுப்பு மணலைத் தேடி வந்தவங்க போட்ட ஊரு. எனக்கு அது ரொம்பப் புடிச்சிருந்துச்சு, ஏன்னா நானும் கனமான மணலைத் தேடி சம்பளம் வாங்கினவதான்.

ஆத்தை இப்ப சிமெண்ட் போட்டு கட்டிட்டாங்க, ஆனா பழக்கம் விடுமா, பாலத்து மேல நின்னு சாம்பிள் எங்க எடுப்பேன்னு கண்ணு தானா தேடுது. தண்ணி வேகம் கொறையற எடம், பெரிய பாறைக்குப் பின்னாடி, வளைவோட உள்பக்கம், சரளைக்கல்லு குமிஞ்ச எடம், அங்கதான் கனமான மணி வந்து ஒளிஞ்சுக்கும். வைரம் தேடறவன் முதல்ல வைரத்தைத் தேட மாட்டான். ஏன்னு ஒரு கணக்கு சொல்றேன்: நூறு டன் பாறையில 50 கேரட் இருந்தா அது மதிக்கத்தக்க சுரங்கம். 50 கேரட்னா 10 கிராம். அதாவது பத்து டன் லாரி ஒன்னு முழுக்க அள்ளினா ஒரே ஒரு கிராம். ஆத்துல இருந்து ஒரு சாக்கு மணல் எடுத்து அதுல வைரம் தேடறதும் காவேரியில மோதிரத்தைத் தொலைச்சுட்டு மேட்டூர்ல தேடறதும் ஒன்னுதான்.

அதனால வைரத்தோட கூட வர்ற சொந்தக்காரங்களைத் தேடறோம். கிம்பர்லைட்னு ஒரு எரிமலைப் பாறை, பூமிக்கு அடியில 150 கிலோமீட்டருக்கும் கீழ இருந்து கிளம்பி வழியில இருக்கற பாறையெல்லாம் பிச்சு அள்ளிக்கிட்டு மேல வருது. அந்த ஆழத்துப் பாறையில இருக்கற பைரோப் கார்னெட், குரோம் டையாப்சைடு, குரோமைட்டு, மெக்னீசியம் கலந்த இல்மனைட்டு, ஆலிவின் எல்லாம் வைரத்தை விட பல மடங்கு அதிகமா சிதறும். கிம்பர்லைட் தலை மழையில கரைஞ்சு ஓடைக்குப் போனா இதுங்களும் போகும். ரவை சைஸ், பொடி ரவை சைஸ். பைரோப் ஒரு மாதிரி நாவப்பழம் தின்ன நாக்கு கலர், டையாப்சைடு உடைஞ்ச பச்சை பாட்டில் துண்டு மாதிரி பளிச்சுன்னு இருக்கும். டையாப்சைடு சீக்கிரம் உடைஞ்சுடும், அதனால அது நெறைய கெடைச்சா வீடு பக்கத்துலதான்னு அர்த்தம். பைரோப் மேல கெலிஃபைட்டுன்னு ஒரு கருத்த தோல் இருக்கும், அது உரியாம இருந்தாலும் அதே அர்த்தம். தோல் போய், மூலை மழுங்கி, உருண்டையா இருந்தா இன்னும் நடக்கணும்.

இப்படித்தான் சைபீரியாவுல லாரிசா பொபுகயேவான்னு ஒரு பொம்பளை, 1954-ல, தால்தின் ஆத்துப் பக்கம் பைரோப் மணி போற வழியைப் புடிச்சுக்கிட்டே குனிஞ்சு குனிஞ்சு போய் சோவியத் யூனியனோட முதல் கிம்பர்லைட்டைக் கண்டுபிடிச்சாங்க. ஜர்னிட்சான்னு பேர் வச்சாங்க. பைரோப்பைப் புடிச்சுப் போகலாம்ங்கற யோசனைக்கு அடித்தளம் போட்டவங்க நத்தாலியா சர்சட்ஸ்கிக், அவங்களும் பொம்பளைதான். 1957-ல லெனின் பரிசு குடுத்தப்ப ரெண்டு பேர் பேரும் லிஸ்ட்ல இல்ல. லேப்ல எங்க மேசைக்கு மேல யாரோ பொபுகயேவா போட்டோவை ஒட்டி வச்சிருந்தாங்க, பிக்கிங் பண்றவங்க (மணி பொறுக்கறவங்க) எல்லாரும் பொம்பளைங்க, கையெழுத்து போடறவங்க எல்லாரும் ஆம்பளைங்க, அதனால அந்தப் போட்டோவை யாரும் கழட்டவே இல்ல.

சாயங்காலம் திரும்பறப்ப எல்ஆர்டில செம கூட்டம், ஒரு காலை வைக்க எடமில்ல. அங்கதான் அத்தானுக்கு எப்படி சொல்றதுன்னு தோணிச்சு. கிம்பர்லைட்டுங்கறது ரயில் மாதிரி. வைரத்தை அது செய்யல, வெறும் ஏத்திக்கிட்டு வருது. தென்னாப்பிரிக்கா கிம்பர்லி ஊர் வைரத்துக்குள்ள மாட்டியிருந்த கார்னெட்டுக்கு வயசு பார்த்தப்ப 300 கோடி வருஷத்துக்கும் மேல வந்துச்சு, அதைத் தூக்கிட்டு வந்த கிம்பர்லைட்டுக்கு வயசு வெறும் 9 கோடி பக்கம். ஜி10ங்கறது வைரம் வளர்ற மாதிரிப் பாறையில வர்ற ஒரு கார்னெட் வகை, அது கெடைச்சுதுன்னா ரயில் சரியான ஸ்டேஷன் வழியா வந்திருக்கு. எத்தனை பேர் ஏறினாங்க? அதை அந்த டிக்கெட் சொல்லாது.

நாள் 3, பத்து மலை

காலைல பத்து மலை. 272 படி, எனக்கு முட்டி வலி, பாதியில ஒரு குரங்கு என் தண்ணி பாட்டிலை மூடி திறந்து குடிச்சுட்டு மூடாமப் போச்சு. முருகன் 42.7 மீட்டர். குகை சுண்ணாம்புக்கல்லு, 40 கோடி வருஷத்துப் பழசு, என் கைய வச்சு தடவிப் பார்த்துக்கிட்டேன், பின்னாடி வந்த ஒரு பாட்டி அதைப் பார்த்து அவங்களும் தடவி கண்ணுல ஒத்திக்கிட்டாங்க.

திரும்பற வழியில சடக்கு ஓரமா ஒரு சின்ன மாரியம்மன் கோயில், புத்துக்கு மஞ்சத் துணி சுத்தி பாலும் முட்டையும் வச்சிருந்தாங்க. அக்கா கும்பிட்டா, நானும் கும்பிட்டேன், எனக்கு கூடுதலா ஒரு காரணம் இருக்கு. போட்ஸ்வானால ஜ்வானெங்குன்னு ஒரு சுரங்கம், உலகத்துலயே மதிப்பு அதிகமான வைரச் சுரங்கம்னு சொல்வாங்க. அது கலஹாரி பாலைவன மணலுக்கு அடியில புதைஞ்சு கெடந்துச்சு, மேல நாப்பது அம்பது மீட்டர் மணல். காட்டிக் குடுத்தது கரையான். ஈரம் தேடி கீழ தொளை போட்ட கரையானுங்க கார்னெட்டும் இல்மனைட்டும் ஒவ்வொரு மணியா மேல கொண்டு வந்து வச்சிருக்கு. அதனால அந்தப் பக்கம் புத்து மண்ணை சலிச்சுப் பாக்கறது ஜியாலஜிஸ்ட் வேலை. அக்காகிட்ட சொன்னேன், "அப்ப புத்துல கைய விடலாமா"ன்னு கேட்டா, இங்க பாம்பு இருக்கும் நீ விடாதன்னு சொன்னேன்.

நாள் 4, மழை

காலைல இருந்து கொட்டுது, எங்கயும் போகல. ஆனா இந்த டிரிப்லயே பெஸ்ட் நாள் இதுதான்.

அக்கா ஃபிளாட்டுக்கு நேர் எதிர் வீட்டுல ஒரு சீனப் பாட்டி, 78 வயசு. வாசல்ல ஒரு பெரிய மரத்தட்டுல நெத்திலி காயப் போட்டிருந்தாங்க, மழைக்கு உள்ள எடுத்துட்டு வர்றப்ப தட்டைப் பார்த்தேன். ஒரே மரத்துல கடைஞ்சது, தோசைக்கல்லு மாதிரி அகலம், நடுவுல மெல்லிசா குழி. அது தூலாங்! ஈய லம்பத்துல (சுரங்கத்தை இங்க லம்பம்னுதான் சொல்றாங்க) மணல் அலசற தட்டு. அக்கா மலாய்ல கேட்டா, ஆமா, சின்ன வயசுல சுங்கை பெசி லம்பத்துல தூலாங் வேலை, லைசன்ஸ் வேணும், முழங்கால் தண்ணியில நாள் பூரா, 1985-ல ஈய விலை விழுந்தப்ப எல்லாம் போச்சு, லம்பத்துப் பள்ளம் இப்ப ஏரி, சுத்தி மாலு. செஞ்சு காட்டுவீங்களான்னு கேட்டதுக்கு பாட்டி சிரிச்சு, மணல் எங்கன்னாங்க. பக்கத்துல ஒரு கட்டடம் எழும்புது, அத்தான் குடையைப் புடிச்சுக்கிட்டு ஓடிப் போய் வாச்மேன்கிட்ட கேட்டு ஒரு பை ஆத்து மணல் கொண்டு வந்தார்.

பாத்ரூம்ல பெரிய பேசின் வச்சு பாட்டி குத்த வச்சு உட்கார்ந்தாங்க. முதல்ல மணலை முழுக்க தண்ணியில முக்கி கையால பெசஞ்சு களியைக் கழுவி ஊத்தினாங்க. அப்புறம் தட்டை ரெண்டு கையால புடிச்சு தண்ணிக்கு மேல பாதி கீழ பாதி வச்சு ஒரு சுத்து, "கோயாங், கோயாங்"னு (மலாய்ல ஆட்டு, ஆட்டு) தனக்குத்தானே சொல்லிக்கிட்டு, சுத்தறப்ப லேசா முன்னாடி ஒரு சரிவு, வெள்ளை மணல் விளிம்பு வழியா நழுவி நழுவிப் போகுது, நம்மூர்ல அரிசி களைஞ்சு கல்லு அரிக்கற மாதிரியேதான் ஆனா கல்லு பக்கம் போறதுக்குப் பதிலா கல்லுதான் வேணும். அஞ்சு நிமிஷம் ஆகல. குழியில ஒரு கோடு மாதிரி கறுப்பு மணல் நின்னுச்சு, பிறை நிலா கணக்கா. குவார்ட்ஸ் எடை தண்ணியைப் போல 2.65 மடங்கு, இல்மனைட் 4.7 பக்கம், ஈயக்கல்லு கிட்டத்தட்ட 7, அதனால பிறையோட நுனியில ஈயம், நடுவுல கறுப்பு. ஈயம் எடுத்தது போக மிச்சத்தை அமாங்னு சொல்வாங்க, இல்மனைட்டு சிர்கான் மோனசைட்டு எல்லாம் அதுலதான். ப்ரோமோஃபார்ம்னு ஒரு நாத்தம் புடிச்ச கனத்த திரவத்துல நாங்க செய்யறதை இந்தப் பாட்டி கையை வச்சே செஞ்சுட்டாங்க, எனக்கு கை தட்டணும் போல இருந்துச்சு.

அத்தான் என் லென்ஸை வாங்கிப் பார்த்துட்டு "செவப்பா ஒன்னு இருக்கு! ஜி10?"ன்னு கத்தினார். நெசமாவே செவப்பா நாலஞ்சு மணி இருந்துச்சு. வாங்கிப் பார்த்தேன். பழுப்பு கலந்த செவப்பு, நாவப்பழ ஊதா இல்ல, மூலையெல்லாம் கத்தி மாதிரி கூர். ஆத்துல உருண்டு வந்த மணி இப்படி இருக்காது. கட்டடத்துல இரும்பைச் சுரண்டி பெயிண்ட் அடிக்கறதுக்கு கார்னெட் மணலை பீச்சி அடிப்பாங்க, பெரும்பாலும் அதுதான், அல்மண்டைன்னு இரும்புச்சத்து கார்னெட். 2013-ல தடை வர்றவரைக்கும் உலகம் பூரா அந்த வேலைக்கு கார்னெட் அனுப்பின எடங்கள்ல நம்ம தூத்துக்குடி திருநெல்வேலி கடற்கரையும் ஒன்னு. "அத்தான், இது நம்மூர்ல இருந்து எனக்கு முன்னாடியே வந்திருக்கலாம்"னேன்.

அவர் சிரிக்கல. அப்ப செவப்பு கார்னெட்னா வைரம் இல்லையான்னு கேட்டார். எல்லா கார்னெட்டும் பைரோப் இல்ல, எல்லா குரோமைட்டும் வைரக் குரோமைட் இல்ல. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில பாறை பாறையா குரோமைட் இருக்கு, எங்க ஸ்டூடண்ட்ஸை வருஷா வருஷம் கூட்டிட்டுப் போறேன், ஆனா அதுல இரும்பும் அலுமினியமும்தான் அதிகம். வைரத்துக்குள்ள மாட்டிக்கிட்டு வர்ற குரோமைட்ல குரோமியம் ஆக்சைடு 60 சதவீதத்துக்கு மேல போகும், டைட்டானியம் ரொம்ப கொஞ்சம். கண்ணால பாத்து சொல்ல முடியாது, மைக்ரோப்ரோப்ல எலக்ட்ரான் கதிரை அடிச்சு ஒவ்வொரு மணிக்கும் கெமிஸ்ட்ரி எடுக்கணும்.

இந்த நாடு பூரா தோண்டினாங்களே, வைரம் ஏன் வரலன்னு அக்கா கேட்டா. நல்ல கேள்வி. வைரக் கிம்பர்லைட்டுக்கு 250 கோடி வருஷத்துக்கு மேல பழசான, அடியில குளிர்ந்த தடிச்ச தரை வேணும், தென்னாப்பிரிக்கா, சைபீரியா, கனடா, நம்ம ஆந்திரா வஜ்ரகரூர் மாதிரி. மலேசியாவோட ஈயம் கொண்டு வந்த கிரானைட் 20 கோடி வருஷத்து குழந்தை. ஆனா இதே ஈயப் பட்டை வடக்க போற ஃபூக்கெட்ல ஈயம் தோண்டறப்ப குட்டி குட்டியா வைரம் கெடைச்சிருக்கு, கிம்பர்லைட் எங்கன்னு இதுவரைக்கும் யாரும் காட்டல. கோண்டுவானாங்கற பழைய பெருங்கண்டம் இருந்த காலத்து பனிப்பாறை சேத்தோட வேற எங்கயோ இருந்து வந்ததுன்னு ஒரு கட்சி இருக்கு. இந்த மாதிரி வெயிலும் மழையும் கொட்டற ஊர்ல டையாப்சைடும் ஆலிவினும் மக்கிப் போயிடும், பைரோப் கூட அரிச்சுடும், வைரமும் குரோமைட்டும்தான் தாக்குப் புடிக்கும். அதனால இண்டிகேட்டர் (வைரத்தோட கூட வர்ற அந்த மணிங்க) இல்லன்னா வைரம் இல்லன்னும் சொல்ல முடியாது.

ராத்திரி அத்தானுக்கு என் கதையைச் சொன்னேன், வெளிய அதிகம் சொன்னதில்ல. லேப்ல சேர்ந்து ரெண்டாவது வருஷம், யாரும் எதிர்பார்க்காத ஒரு ஓடையில இருந்து வந்த சாம்பிள்ல ரெண்டு பைரோப், கெலிஃபைட் தோலோட, ஜம்முனு. நான்தான் பொறுக்கினேன், நான்தான் ஓடிப் போய் சொன்னேன். நாலு பேர் டீம் ஏப்ரல் மே வெயில்ல அந்த ஓடை பூரா நடந்தாங்க. ஒன்னும் இல்ல. ஒரு நாள் சல்லடையைக் கழுவறப்ப கம்பி இடுக்குல ஒரு ஊதா மணி சிக்கியிருந்துச்சு. ரெஜிஸ்டரைத் திருப்பிப் பார்த்தா அந்த சாம்பிளுக்கு முன்னாடி அதே சல்லடையில போனது வஜ்ரகரூர் கிம்பர்லைட் பைப்ல இருந்து பழக எடுத்துட்டு வந்த மண்ணு. கழுவினது நான்தான், சரியா கழுவல. சொல்லாம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது, ஒரு ராத்திரி தூங்காம அடுத்த நாள் சொன்னேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு சாம்பிளுக்கும் நடுவுல வெறும் குவார்ட்ஸ் மணலை சலிச்சு அதையும் பொறுக்கிப் பார்க்கணும்னு ரூல் வந்துச்சு. அந்த வருஷம் இன்க்ரிமென்ட் இல்ல.

"அப்ப இந்த மூணு புள்ளியும் சல்லடையில இருந்து வந்ததா?"ன்னு அத்தான். நாளைக்கு பேசலாம்னு படுத்துட்டோம்.

நாள் 5, சாப்பாட்டு மேசை

மதியம் அக்கா சோறு வடிச்சுக்கிட்டிருந்தா, அதையே காட்டி ஆரம்பிச்சேன். பூமிக்கு அடியில இருக்கற மேண்டில் பாறை ரொம்ப பழைய காலத்துல நல்லா வெந்து கஞ்சி வடிஞ்சு போச்சு. கஞ்சியோட கால்சியம் போயிடுச்சு. மிஞ்சின வடிச்ச சோறுதான் ஹார்ஸ்பர்கைட், அதுல வளர்ற கார்னெட்டுக்கு குரோமியம் அதிகம், கால்சியம் கம்மி, அதுதான் ஜி10. சரியா வடியாத சோத்துல வளர்றது ஜி9. குரோமியம் ஆக்சைடு 8, கால்சியம் ஆக்சைடு 3 இருந்தா ஜி10, ரெண்டும் 5 இருந்தா ஜி9. இந்த ஜி நம்பரெல்லாம் 1975-ல டாசனும் ஸ்டீஃபன்சும் போட்டது. வைரத்துக்குள்ள இருக்கற கார்னெட்டுங்க குரோமியம் ஜாஸ்தி கால்சியம் கம்மின்னு ரஷ்யால சோபொலேவ் ஏற்கனவே சொல்லிட்டார், கேப் டவுன் யுனிவர்சிட்டி ஜான் கர்னி 1984-ல அதையே தேடறதுக்கான கருவியா ஆக்கினார். அந்த மாதிரி கார்னெட்டுங்கள்ல 85 சதவீதம் ஒரு பக்கம் விழற மாதிரி அவர் போட்ட கோடுதான் உங்க ஃபைல்ல இருக்கு அத்தான். அந்த கெமிஸ்ட்ரியை வச்சுத்தான் சார்லஸ் ஃபிப்கியும் ஸ்டூவர்ட் ப்ளூசனும் கனடாவுல பனிப்பாறை இழுத்துட்டுப் போன மணியை நூத்துக்கணக்கான கிலோமீட்டர் எதிர்த்திசையில புடிச்சுப் போய் 1991-ல லாக் டி க்ரா பக்கம் வைரத்தைக் காட்டினாங்க, 1998-ல எகாட்டி சுரங்கம் தொறந்துச்சு.

"அப்ப ஜி10 நல்லதுதானே?"

நல்லதுதான். ஆனா அடிக்குறிப்பை படிச்சீங்களா? நான் லென்ஸ் வச்சுப் படிச்சேன், அவ்ளோ பொடி எழுத்து. மொத்தம் 41 கார்னெட், அதுல மூணு. எத்தனை கிலோ மணல்ல இருந்து எடுத்தது, ஒரே எடமா பத்து எடமா, கிம்பர்லைட் எங்க, அதுல இருந்து எவ்ளோ தூரத்துல, ஒரு வார்த்தை இல்ல. மீதி 38 எங்க விழுந்துச்சுன்னு கிராஃப்ல காட்டவே இல்ல, மூணை மட்டும் செவப்பா போட்டிருக்கான். ஜி10-லயும் கொஞ்சம் மேல, கிராஃபைட்டுதான் நிக்கும் வைரம் நிக்காதுங்கற ஆழத்துல வளர்ந்தது இருக்கு. அதனாலதான் 2004-ல க்ரூட்டரும் கூட்டாளிகளும் அதைப் பிரிச்சு, வைர ஆழத்துல இருந்து வந்ததுக்கு மட்டும் டி-ன்னு ஒரு எழுத்து சேர்த்தாங்க, அதுக்கு மாங்கனீஸ் எவ்ளோன்னும் பாக்கணும். கார்னெட்ல இருக்கற நிக்கலை அளந்தா எந்த சூட்டுல இருந்து வந்துச்சுன்னும் தெரியும். ரெண்டு அளவும் இந்த ஃபைல்ல இல்ல.

இன்னொன்னு, வைரம்ங்கறது கரிதானே. மேல வர்ற வழியில ஆக்சிஜன் பட்டா கரைஞ்சு போயிடும். அதைச் சொல்றது இல்மனைட். மெக்னீசியம் அதிகமா, துருப்புடிச்ச இரும்பு கம்மியா இருந்தா வைரம் பொழைச்சிருக்கும், இரும்பு துருவா ஏறியிருந்தா ஏறின பயணிங்க வழியிலயே காலி. ஃபைல்ல இல்மனைட்ங்கற வார்த்தையே கெடையாது.

அத்தான் சட்டுன்னு "ஆஸ்திரேலியாவுல ஜி10 இல்லாமலே வைரம் கெடைச்சுதாமே, ஏஜெண்ட் சொன்னான்"னார். அது உண்மைதான், ஆர்கைல். எக்லோஜைட்டுங்கற வேற ஜாதிப் பாறையில வளர்ந்த வைரம், அதைத் தூக்கிட்டு வந்தது கிம்பர்லைட்டே இல்ல, லாம்ப்ரோயைட்டுன்னு இன்னொரு எரிமலைப் பாறை. அங்க கார்னெட்ல சோடியம் பார்ப்பாங்க, 0.07 சதவீதத்துக்கு மேல இருக்கான்னு. 2020-ல சுரங்கம் மூடிட்டாங்க. ஆனா ஏஜெண்டுக்கு ரெண்டு பக்கமும் பேசத் தெரியுது பாருங்க, இருந்தாலும் நல்லது, இல்லாட்டியும் நல்லது.

கடைசியா கேட்டேன், எத்தனை டன் பாறையை ஒடைச்சு எத்தனை கேரட் எடுத்தாங்கன்னு எங்கயாவது போட்டிருக்கா? காந்தமும் ஈர்ப்பும் அளந்து, துளை போட்டு, உள்ளிருந்து எடுத்த பாறையைக் காரத்துல உருக்கி மைக்ரோ வைரம் எண்ணி, அப்புறம் நூத்துக்கணக்கான டன் எடுத்து அரைச்சு, நூறு டன்னுக்கு எத்தனை கேரட், ஒரு கேரட் என்ன விலைக்குப் போகும்னு பாத்தாத்தான் சுரங்கம். கிம்பர்லைட் ஆயிரக்கணக்குல இருக்கு, லாபமா தோண்டறது நூத்துல ஒன்னு தேறினா பெருசு. ஜி10 நெசமா இருந்தாலும் அவன் இன்னும் முதல் வாசல்ல நிக்கறான், உங்ககிட்ட கொல்லைப்புறத்துக்கு விலை கேக்கறான்.

"அப்ப மூணு புள்ளியும் பொய்யா?"

"பொய்யாவே இருக்கணும்னு இல்ல அத்தான். மூணும் நெசமா இருக்கலாம்."

அது அவரை இன்னும் சங்கடப்படுத்திடுச்சு. பொய்யின்னு சொல்லியிருந்தா கோபப்பட்டு எழுந்து போயிருப்பார். சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருந்தார். அக்கா கரண்டியை வச்சுட்டு "குடுத்துட்டீங்களா?"ன்னு கேட்டா. அவர் தலை நிமிரல. 2,000 வெள்ளி, ஸ்லாட் பிடிச்சு வைக்க, போன மாசமே. அதுக்கப்புறம் மேசையில மோர் ஊத்தற சத்தம் மட்டும்தான்.

நாள் 6, டெர்மினல் 2

அக்கா கட்டிக் குடுத்த நாசி லெமாக் பையோட கேட்ல உட்கார்ந்திருக்கேன். சீனப் பாட்டி கறுப்பு மணலை ஒரு சின்ன மருந்து பாட்டில்ல போட்டுக் குடுத்திருக்காங்க, ஸ்டூடண்ட்ஸுக்கு காட்ட. தூலாங்கைக் கேக்கணும்னு ஆசை, நெத்திலி காயப் போட அவங்களுக்கு வேற தட்டு இல்ல, கேக்கல.

இப்பதான் அக்கா வாய்ஸ் நோட் அனுப்பினா. அத்தான் ஏஜெண்டுக்கு போன் போட்டு, நான் பேப்பர்ல எழுதிக் குடுத்ததை வரிசையா படிச்சாராம், மீதி 38 கார்னெட் எங்கன்னு முதல் கேள்வியாவே கேட்டிருக்கார். அந்த விவரமெல்லாம் டெக்னிக்கல் டீம்கிட்ட இருக்கு சார், ஸ்லாட் நாளைக்கு க்ளோஸ்னு பதில். 18,000 போகல. 2,000 திரும்பி வரும்னு எனக்குத் தோணல, அக்காவுக்கும் தோணல, அவ சிரிச்சுக்கிட்டே திட்டறா.

அந்த நாலஞ்சு செவப்பு மணியை மட்டும் அத்தான் தனியா எடுத்து தன் பிரஷர் மாத்திரை டப்பாவுல ஞாயித்துக்கிழமை கட்டத்துல போட்டு வச்சிருக்காராம். பெயிண்ட் சுரண்டற மணல்னு தெரியும், ஆனா தூக்கிப் போட மனசு வரலையாம்.